கழுத்துக்குப் பசி எடுக்க வேண்டும்

எங்கள் கடையில் 22 வருடமாக உப்பு விற்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்தில் மளிகைக் கடைக்காரர் ஊருக்கே அண்ணாச்சி. அவர் மனைவி ஊருக்கே மதினி. பாக்கெட் உப்பில் அயோடின் இருக்கிறது, கழுத்துக் கழலை வராது, பிள்ளைகளுக்கு நல்லது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி விற்றவள் நான். அப்படிப்பட்ட என்னிடம் 2019 ஆவணியில் ஒரு மருத்துவர் சொன்னார்: “மருந்து கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து உங்கள் கடை உப்பை நீங்கள் நாக்கில் வைக்கக் கூடாது.”

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் என் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்திருந்தார்கள். தலை வாரும்போது கண்ணாடியில், கழுத்தில் தென்பட்ட ஓர் உருண்டையில்தான் எல்லாம் தொடங்கியது. ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்ததில் பாப்பிலரி வகைப் புற்று என்று தெரிந்தது. அறுவையின்போது பக்கத்து நிணநீர்க் கணுக்கள் சிலவற்றிலும் அது இருந்தது. எவ்வளவு கவனமாக அறுத்தாலும் குரல் நரம்பை ஒட்டிய இடத்தில் துளித்துளியாகத் தைராய்டுத் திசு மிஞ்சிவிடுமாம். மிஞ்சியதையும், கண்ணுக்குத் தெரியாமல் வேறெங்காவது போய் ஒட்டிக்கொண்டிருப்பதையும் ஒழிக்கத்தான் கதிரியக்க அயோடின். எல்லாருக்கும் இது தேவைப்படாது. ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய, பரவாத கட்டி என்றால் பெரும்பாலும் அறுவையோடு விட்டுவிடுகிறார்கள். ஆகவே “உங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை?” என்று யாரையும் கேட்டுக் கலக்கிவிடாதீர்கள்.

ஊரில் செய்தி பரவியதும் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “மதினி, கரண்ட் வைக்கப் போகிறார்களாமே, முடி கொட்டிவிடுமா?” கரண்ட் வைப்பது என்று நாம் சொல்வது வெளியிலிருந்து கருவியால் கதிர் பாய்ச்சுவது. இது விழுங்குகிற மருந்து. உடம்பில் அயோடினை இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கிற வெறி தைராய்டுச் செல்லுக்குத்தான் உண்டு. இது சாதாரண அயோடினா, கதிர்வீசும் அயோடினா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. கிடைத்ததை வாரிப் போட்டுக்கொள்ளும். அப்படி வாரிக்கொண்ட கதிர்வீசும் அயோடின் (அதன் பெயர் அயோடின்-131) வீசும் பீட்டா துகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அந்த எல்லைக்குள் இருக்கும் செல் சாகும், தள்ளியிருப்பது பிழைக்கும். என் முடி ஒன்றுகூட இதனால் கொட்டவில்லை.

வெறி என்று சொன்னேன் அல்லவா, அந்த வெறியைக் கிளப்புவதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. வயிறு நிறைந்த பிள்ளை எதிரே பால்கோவாவை வைத்தாலும் தொடாது. உடம்பில் ஏற்கெனவே அயோடின் நிறைந்திருந்தால், கொடுக்கிற மருந்தைக் கழுத்து சீந்தாது. அவ்வளவும் சிறுநீரில் போய்விடும். மருந்தை விழுங்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய ஆறு வாரம்தான் எனக்குச் சிகிச்சையாக இருந்தது.

அந்த ஆறு வாரத்தில் உப்பைப் பற்றி நான் கற்றதை, 22 வருடம் தராசு பிடித்தும் கற்றதில்லை. 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிடுவதற்கென்று விற்க இந்தியாவில் தடை இருக்கிறது. நல்ல காரணம் உண்டு. 1956இல் இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் ராமலிங்கசாமி என்ற மருத்துவ அறிஞர் தொடங்கிய ஆய்வில், உப்பில் அயோடின் சேர்த்த பகுதிகளில் கழலை மளமளவென்று குறைந்தது. அதன் பிறகுதான் நாடு முழுவதற்கும் அயோடின் உப்பு வந்தது. ஆக, ஊருக்கெல்லாம் நல்லது செய்த அதே உப்புதான் எனக்கு மட்டும் எதிரியாக வந்து நின்றது. கல் உப்பு என்றாலே அயோடின் இல்லாதது என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். அலமாரியில் இருந்த கல் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் அதிலும் பொட்டாசியம் அயோடேட். கடைசியில் என் கணவர் தூத்துக்குடி உப்பளத்தில் பழகிய ஒருவரிடம் போய், அயோடின் தெளிப்பதற்கு முன் குவித்து வைத்திருந்த உப்பில் மூன்று கிலோ வாங்கி வந்தார். மருத்துவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே அடுப்படிக்குள் கொண்டுபோனேன்.

உப்பை மாற்றியதோடு முடிந்தது என்று நினைத்ததுதான் பிழை. உப்பு ஒளிந்திருக்கிற இடங்களுக்குக் கணக்கே இல்லை. அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், வடகம், பிஸ்கட், ரொட்டி, மிக்சர், பொட்டலத்தில் வரும் மசாலாப் பொடி எல்லாம் ஒதுக்க வேண்டும். மீன், இறால், கருவாடு கூடாது. அவற்றில் கடலின் அயோடினே இருக்கிறது. பாலும் தயிரும் கூடாது, முட்டையின் மஞ்சள் கூடாது. கடுங்காப்பி, சோறு, கேழ்வரகு, காய்கறி, தேங்காய், பழம் என்று ஓட்டினேன். இவ்வளவு பார்த்தும் நான்காம் நாள் காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபோதுதான் உறைத்தது: மாவைக் கரைத்தது அத்தை. அவர்கள் கைக்குத் தெரிந்தது பழைய உப்பு ஜாடிதான். “உனக்குக் குழம்புக்குத்தானே அம்மா வேறு உப்பு?” என்றார்கள் பாவம். அன்றே பழைய ஜாடியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வீடு முழுவதும் ஒரே உப்பு என்றாக்கினோம். தனிச் சமையல் என்று தொடங்கினால் கட்டாயம் எங்கேயாவது கலந்துவிடும்; இரண்டு வாரத்துக்கு எல்லாருமே அதைச் சாப்பிட்டுவிடுவது எளிது.

ஆனால் என்னைக் கவிழ்த்தது உணவு இல்லை. குறித்த தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது தொண்டை கட்டிக்கொண்டது. அருகிலிருந்த ஒரு சிறு மருத்துவமனைக்குப் போனேன். விவரம் சொன்னேன், எழுதிக்கொண்டிருந்தவர் காதில் விழவில்லையோ, விழுந்தும் யோசிக்கவில்லையோ, பழுப்பு நிறத்தில் ஒரு மருந்து கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் கொப்பளித்த பிறகு புட்டியைத் திருப்பிப் படித்தேன். போவிடோன் அயோடின். புண்ணுக்குப் போடுகிற பழுப்புக் களிம்பிலும் இருப்பது இதுதான். சொல்லாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, ஒப்புக்கொள்கிறேன். மறைத்திருந்தால் மருந்து வீணாகியிருக்கும். சிகிச்சை தரவிருந்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன்; தேதியை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்த ஒருவரை அங்கே பிறகு சந்தித்தேன்; அந்தச் சாயத்திலும் அயோடின் என்பதால் அவருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருப்பு. அதற்கு என்னுடையது தேவலை.

இரண்டு வாரம் என்றால் சின்ன விஷயமாகத் தோன்றும். சுரப்பியை எடுத்த பிறகு அதற்குப் பதிலாகப் போட்டுவந்த தைராய்டு மாத்திரையை அப்போது நான் நிறுத்தியிருந்தேன் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்தினால் உடம்பில் தைராய்டு ஹார்மோன் வற்றும். அது வற்றுவதைக் கண்டு மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, இல்லாத தைராய்டை “வேலை செய், வேலை செய்” என்று விரட்டும். அந்த விரட்டலில் மிஞ்சிய செல்கள் அயோடினுக்கு அலையும். டி.எஸ்.எச். 30க்கு மேல் போக வேண்டும் என்றார்கள். அதற்குச் சாதாரணமாக நான்கு வாரம், எனக்கு ஆறு. நடுவில் மாத்திரையைத் தொடங்கினால் மறுபடி முதலிலிருந்து என்பதால் அப்படியே இழுக்கச் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்தாமலே டி.எஸ்.எச்.சை ஏற்றுகிற ஊசி உண்டு, அடுத்தடுத்த நாளில் இரண்டு போட வேண்டும். விலையைக் கேட்டதும் நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஐந்தாம் வாரத்தில் நான் நானாக இல்லை. ஐப்பசி மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, நான் போர்வைக்குள் குளிரில் கிடந்தேன். முகம் பணியாரம் போல் உப்பியது. மலச்சிக்கல், கெண்டைக்கால் பிடிப்பு, கரகரத்த குரல். எல்லாவற்றையும்விட மோசம் புத்தி மந்தமானது. 120 ரூபாய் சாமானுக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டியவருக்கு 480 ரூபாய் மீதி கொடுத்து அனுப்பினேன். நல்ல மனிதர், திரும்பி வந்து கொடுத்தார். அன்றோடு கல்லாப்பெட்டியை விட்டு எழுந்துவிட்டேன். இந்த நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள், பணம் எண்ணாதீர்கள், முக்கியமான எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காரணமில்லாமல் அழுகை வரும். அது நீங்கள் இல்லை, ஹார்மோன் இல்லாத உடம்பு. வீட்டில் இருப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. என் கணவருக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்த மாதம் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

தேதி தவறினால் ஏன் அத்தனை வருத்தப்படுகிறார்கள் என்பது மருத்துவமனையில்தான் புரிந்தது. இந்த மருந்து கடைச் சரக்கு மாதிரி அலமாரியில் காத்திருக்காது. மும்பை டிராம்பேயில் துருவா அணு உலையில் டெல்லூரியம் என்ற தனிமத்தை நியூட்ரானால் தாக்கி அயோடின்-131 எடுக்கிறார்கள். எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகும், இன்னும் எட்டு நாளில் பாதியில் பாதி. திறந்து வைத்த கற்பூரம் யாரும் கொளுத்தாமலே கரைவது போல. ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வரவழைப்பதால், கடைசி நாளில் வராமல் நின்றுவிட்டால் அந்த அளவு யாருக்கும் பயன்படாமல் தேய்ந்துபோகும்.

அணு மருத்துவப் பிரிவில் இயற்பியலாளராக இருந்த ஓர் இளம்பெண்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். முதலில் கர்ப்பப் பரிசோதனை. 41 வயதில் எனக்கெதற்கு என்று சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. கருவில் இருக்கிற பிள்ளையின் தைராய்டும் அயோடினை இழுத்துக்கொள்ளும் என்றாள். பால் கொடுக்கிற தாய்மார்கள் முன்கூட்டியே பாலை நிறுத்தியாக வேண்டும். இரண்டு மணி நேரம் வெறும் வயிறு. பிறகு ஈயச் சிமிழ் ஒன்றைத் திறந்து, அதற்குள்ளிருந்த சிறு குப்பியிலிருந்து ஒரு கேப்சூலை நான் கையால் தொடாமல் வாயில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. அளவு 100 மில்லிகியூரி; கதிரியக்கத்தை அளக்கிற அலகு அது. விழுங்கித் தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தியிருந்தார்கள். அந்தக் கதவுச் சத்தம்தான் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

30 மில்லிகியூரிக்கு மேல் கொடுத்தால் தனி அறையில் வைக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அந்த அறைக் கழிப்பறையின் நீர் ஊர்ச் சாக்கடைக்கு நேரே போகாது. தனித் தொட்டியில் தேங்கிக் கதிர்வீச்சு அடங்கிய பிறகே வெளியேறும். தொலைபேசிக்கு பிளாஸ்டிக் உறை, கட்டிலுக்கு பிளாஸ்டிக் விரிப்பு, சாப்பாடு வாசலில் இருக்கிற மேஜைக்கு வரும். கொண்டுபோக வேண்டியவை: பழைய நைட்டி மூன்று, பழைய துண்டு, கைப்பேசி மின்னேற்றி, எலுமிச்சை மிட்டாய். பிடித்த புத்தகத்தையோ பட்டுத் துணி தைத்த தலையணையையோ கொண்டுபோகாதீர்கள். சில நாளைக்குத் திரும்பிக் கிடைக்காது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியும் கொஞ்சம் அயோடினை இழுக்கும் என்பதால் மறுநாளிலிருந்து புளிப்பு மிட்டாய் சப்பச் சொன்னார்கள். அப்படியும் இரண்டாம் நாள் தாடைக்குக் கீழே பொன்னுக்கு வீங்கி வந்தது போல் வலித்தது.

இரண்டாம் நாள் மாலை அந்த இயற்பியலாளர் பெண் அறைக்குள் இருந்த பேசியில் என்னை அழைத்தாள். பொழுது போகவில்லை என்றேன். அப்போதுதான் சால் ஹெர்ட்ஸ் கதையைச் சொன்னாள். 1936 நவம்பரில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் இயற்பியலாளர் கார்ல் காம்ப்டன் ஓர் உரை நிகழ்த்தினார். பாஸ்டனில் தைராய்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஹெர்ட்ஸ் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கமுடையதாக்க முடியுமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி. பிறகு ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து 48 முயல்களுக்கு 25 நிமிடத்தில் பாதியாகிவிடுகிற அயோடின்-128 கொடுத்து, அது தைராய்டில் போய்ச் சேர்வதைக் காட்டினார். 25 நிமிடம் எதற்குக் காணும்? 1938இல் கலிபோர்னியாவில் லிவிங்குட், சீபோர்க் இருவரும் எட்டு நாள் தாங்கும் அயோடின்-131ஐக் கண்டுபிடித்தார்கள். 1941இல் ஹெர்ட்ஸ் முதல் நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். சீபோர்க்கின் தாய்க்கே பிற்காலத்தில் தைராய்டு நோய் வந்து, மகன் கண்டுபிடித்த அயோடின்தான் மருந்தாயிற்றாம். அதைக் கேட்டுவிட்டு, அறையில் யாரும் இல்லாத தைரியத்தில், நன்றாக அழுதேன்.

என் உடம்பிலிருந்து வரும் கதிரைத் தினமும் ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியால் அளந்தார்கள். முதல் நாள் மணிக்கு 160 மைக்ரோசீவர்ட், மூன்றாம் நாள் காலை 21. அனுப்பிவிட்டார்கள். பேருந்து வேண்டாம் என்று சொன்னதால் வாடகைக் கார். ஓட்டுநருக்குக் குறுக்கு மூலையில், பின் இருக்கையில் நான். கணவர் முன்னால்.

வீட்டில் தூரத்தைக் கடைப்பிடிப்பது ஆஸ்பத்திரித் தனிமையைவிடக் கடினம். எட்டு வயது மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவன். கொழுந்தன் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. இருவருக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டேன்: மகன் என் அம்மா வீட்டில், அவள் பிறந்த வீட்டில். நான் மொட்டை மாடி அறையில், தனிக் கழிப்பறையோடு. தனித் தட்டு, தனித் துண்டு, என் துணி தனியாக. என்னைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று அத்தை பயந்தார்கள். ஒரு மீட்டரில் இருக்கிற கதிர் இரண்டு மீட்டரில் நாலில் ஒரு பங்காகிவிடும், அடுப்புச் சூடு மாதிரிதான் என்று சொன்ன பிறகு, வாசற்படியில் நாற்காலி போட்டு அமர்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும் என்பது கொடுத்த அளவையும் கழுத்தில் தங்கிய அளவையும் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அனுபவத்தைக் கேட்காமல் உங்கள் தாளில் எழுதிக் கொடுத்ததைக் கேளுங்கள். அதே சமயம் அங்கே சிகிச்சை பெற்ற ஒருவர் அடுத்த மாதம் துபாய் திரும்ப வேண்டியவர். விமான நிலையக் கருவிகள் வாரக்கணக்கில் கூச்சலிடக்கூடும் என்று அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, உடம்புக்குள்ளிருந்து அயோடின் வீசும் காமா கதிரைப் படமெடுக்கிற காமா கேமராவின் கீழ் படுத்தேன். இந்த மருந்தின் அழகு அங்கேதான் இருக்கிறது. கொல்வதற்குப் பீட்டா, காட்டுவதற்குக் காமா. தான் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தானே படம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. என் படத்தில் கழுத்தில் ஒரு கரும்புள்ளி, வாய்ப்பக்கமும் வயிற்றிலும் சிறுநீர்ப்பையிலும் மங்கலாக. வயிற்றைப் பார்த்ததும் எனக்கு உயிர் போய்விட்டது. அது மருந்து வெளியேறுகிற பாதை, இயல்பானது என்றார்கள். அறிக்கையை மருத்துவருக்கு முன்னால் கூகுளில் படிக்காதீர்கள்.

என் சித்தி மகளுக்கும் அயோடின்தான் கொடுத்தார்கள், ஆனால் கதை வேறு. அவளுக்கு கிரேவ்ஸ் நோய், தைராய்டு மிகையாகச் சுரப்பது. முதலில் துளி அளவு கொடுத்து, கழுத்தருகே கருவி வைத்து, 24 மணி நேரத்தில் எத்தனை சதவீதம் இழுத்திருக்கிறது என்று பார்த்தார்கள். பிறகு 12 மில்லிகியூரி; அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். சில மாதத்தில் சுரப்பது ஒரேயடியாகக் குறைந்து, இப்போது அவளுக்கும் தினமும் மாத்திரை. “குணமாகிவிட்டது என்றார்கள், ஆனால் வாழ்நாள் முழுக்க மாத்திரை என்கிறார்களே அக்கா” என்று வருத்தப்பட்டாள். அது பக்கவிளைவு இல்லை, தெரிந்தே செய்வது என்று முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். கிரேவ்ஸ் நோயால் கண் பிதுங்கியிருப்பவர்கள் மட்டும் அயோடினுக்கு முன் கண் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். அந்தப் பிரச்சினை இதனால் கூடக்கூடும்.

மாத்திரையை மறுபடி தொடங்கிய மூன்றாம் வாரத்தில் எனக்குக் கணக்கு வந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை, கால்சியம் என்றால் நாலு மணி நேரம் கழித்து. வாய் இன்னும் சற்று உலர்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைரோகுளோபுலின் பார்க்கிறார்கள். தைராய்டுச் செல் எங்காவது உயிரோடு இருந்தால் இரத்தத்தில் அது ஏறும் என்பதால். இதுவரை ஏறவில்லை.

தூத்துக்குடி உப்பில் மிஞ்சியதைப் பரணில் வைத்திருந்தேன். போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் மருத்துவமனைத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அயோடின் இல்லாத உப்பு இருக்கிறதா மதினி என்று மெதுவாகக் கேட்டாள். விற்கக் கூடாது என்பதால் சும்மாதான் கொடுத்தேன், மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்தச் சொன்னேன். அவள் படியிறங்கும்போது கூப்பிட்டுக் கேட்டேன்: “உங்கள் வீட்டில் இட்லி மாவை யார் கரைப்பது?”